கிஸி, க.

கரா-புலுங்,
12 அக்டோபர் 2003

அன்புத் தங்கை கனிஷாய்க்கு அக்கா கலிபா எழுதுவது.

ஆளும் ஆடும் நலமா? இங்கே ஆடுகள் நலம். ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நீ அனுப்பிய உன் புதிய ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறதே, வழுவழு தாளில் அச்சடித்தது, அதில் காய்ந்த தயிர் உருண்டைகளைப் பொட்டலம் கட்டி நாரின் நகரில் இருக்கும் என் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு எட்டியது அதுதான். "உருண்டை உப்புக் கரிக்குது, தாள் மட்டும் நல்லா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆக, உன் கட்டுரையை ஒருத்தி பாராட்டியிருக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.

உன் அத்தான் ஒரோஸ் கேட்கச் சொன்னார்: "உன் தங்கச்சி இத்தனை வருஷமா ஆட்டு ஈரலையே பாத்துக்கிட்டு இருக்காளே, இன்னுமா முடியல? என்கிட்ட ஒரு வெங்காயத்தோட குடு, அரை மணியில முடிச்சிடறேன்."

நான் அவரை விடவில்லை. "கெட்ட ஈரலை நாய் தின்னா அது வயித்துல புழு வளரும், புழுவோட முட்டை புல்லுல விழும், புல்லுலேருந்து ஆட்டுக்கும் நமக்கும் வந்து ஈரல்ல நீர்க்கட்டி கட்டும். பனிக்கு அடியிலயும் அந்த முட்டை சாகாதுன்னு கண்டுபிடிச்சது யாரு? என் தங்கச்சி"ன்னு சொன்னேன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் சொல்வதற்கு இது போதும் அல்லவா?

குளிருக்கு முன்னால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன். சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா கலிபா


பிஷ்கெக்,
9 நவம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் மந்தையும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்குச் சளி. வேறு ஒன்றும் இல்லை. காலுறை வந்தது, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் சூடேற்றும் குழாய் இன்னும் ஓடவில்லை.

பொட்டலம் கட்டியதற்குக் கோபம் இல்லை. அந்தக் கட்டுரையை உன் நாத்தனாராவது கையில் எடுத்தாள். அதுதான் இப்போது என் கவலையே.

எங்கள் கூடத்துக்குப் பணம் தருவது வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று என்பது உனக்குத் தெரியும். வரும் மே மாதக் கடைசியில் அவர்கள் முடிவு செய்கிறார்கள்: தொடர்வதா, மூடுவதா என்று. நான் எவ்வளவு உழைத்தேன் என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை. உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் "இதை இன்னார் முன்பே கண்டுபிடித்திருக்கிறார்" என்று என் பெயரைக் குறித்திருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அதற்கு மேற்கோள் என்று பெயர். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் உங்கள் பள்ளத்தாக்கு நாய்களுக்கு மாத்திரையும் இல்லை. என்னோடு வேலை பார்த்த தமிரா போன மாதமே விலகி, பெரிய சந்தையில் செருப்புக் கடை போட்டுவிட்டாள். "வா கனிஷாய், பக்கத்துக் கடை காலியாத்தான் இருக்கு" என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எல்லோருக்கும் என் வணக்கம். நாய் பொய்னோக்கின் கழுத்தைத் தடவிக் கொடு.

தங்கை கனிஷாய்


கரா-புலுங்,
1 டிசம்பர் 2003

கனிஷாய்க் கண்ணுக்கு,

சளி போயிற்றா? ஆட்டு வால் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தேய். விஞ்ஞானி என்பதற்காக நெஞ்சு வேறு மாதிரி இருக்காது.

மேற்கோள் என்றால் என்ன என்று நன்றாகப் புரிந்துகொண்டேன். இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் "கலிபா சொன்னா"ன்னுதான் முடிக்கிறார்கள். தபால்காரி ராகியாவின் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதைக்கூட என் பெயர் போட்டுத்தான் மூன்று ஊர் பேசியது. அப்படிப் பார்த்தால் உன் அறக்கட்டளை எனக்கல்லவா பணம் தரவேண்டும்?

நீ கவலைப்படாதே. உன் பெயரை எழுதாமல் யார் இருப்பார்கள்? அதுவும் எப்படிப்பட்ட பெயர்! பெக்தூர் கிஸி, பெக்தூரின் மகள். அப்பா பெயரை உலகமே படிக்கிறது என்று நான் ஆட்டிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பழைய பெக்தூரோவா மாதிரி பின்னால் ஒரு ரஷ்ய "ஓவா" வால் தொங்கவில்லை.

பனி முழங்கால் வரை. எல்லோரும் நலம். சீக்கிரம் பதில் போடு.

அக்கா


பிஷ்கெக்,
14 ஜனவரி 2004

அக்காவுக்கு,

நலமா? அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் சளி போய்விட்டது. தூக்கமும் அதோடு போய்விட்டது.

பெயரைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் நானும் எழுத வேண்டியிருக்கிறது.

மேற்கோள்களை எண்ணும் பட்டியல் வெளிநாட்டில் தயாராகிறது. அதில் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். அதனால் நான் அதில் பெக்தூர் கிஸி கனிஷாய் இல்லை அக்கா. "கிஸி, க." அவ்வளவுதான். மகள், க. அப்பாவை விட்டுவிட்டு மகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருத்தி மட்டும் இல்லை. நம் நாட்டில் "இன்னாரின் மகள்" என்று பெயர் வைத்துக்கொண்ட, க-வில் தொடங்குகிற எல்லாப் பெண்களும் ஒரே ஆளாகிவிட்டோம். அந்த "கிஸி, க." வால்நட் காடுகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். கம்பளப் பூவேலை பற்றி எழுதியிருக்கிறாள். திருமணச் சட்டம் பற்றியும் எழுதியிருக்கிறாள். நடுவில் என் நாய்ப்புழு.

எங்கள் கூடத்து எழுத்தர் அந்தப் பட்டியலை அப்படியே அச்செடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டார். இப்போது அடுத்த அறைக்காரர் அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறார், அடுத்தவர் ஆராய்ச்சியை நான் என்னுடையது என்று காட்டியதாக. நடைபாதையில் என்னைப் பார்த்தால், "வால்நட் எப்படி விளையுது டாக்டர்?" என்று கேட்கிறார். இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

பனிக்கு அடியில் முட்டை பிழைத்திருக்கும் என்று காட்டிய என் முக்கியமான வேலைகள் எல்லாம் பெக்தூரோவா என்ற பெயரில் இருக்கின்றன. அது வேறொரு பெண்ணின் கணக்கு. அவள் 1999-க்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நான்தான் அவள் என்று சொன்னால், "இப்படித்தான் வால்நட்டையும் சொன்னீங்க" என்கிறார்கள். பட்டியல்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஆறு மாதம் ஆகுமாம்.

அப்பா இறந்த வருஷம் பெயரை மாற்றினேன். அந்த யோசனை யாருடையது என்று எனக்கு நினைவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

கனிஷாய்


கரா-புலுங்,
11 மார்ச் 2004

அன்புத் தங்கைக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ராகியா பனியில் வழுக்கி விழுந்தாள். பாதை மூடிக்கிடந்தது. பேனாவில் மை உறைந்துபோயிற்று.

குட்டிகள் ஈனத் தொடங்கிவிட்டன. ஒன்று நெற்றியில் நட்சத்திரத்தோடு பிறந்திருக்கிறது. உன் அத்தானின் முதுகு வலிக்கிறது. ஆனால் குதிரைப் பந்தயம் என்றால் வலிப்பதில்லை. நாத்தனார் இன்னும் உருண்டை கேட்கிறாள். போர்வைக்குப் பஞ்சு தட்டினேன். கிழக்குப் பக்கத்துச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, வசந்தத்தில் பூசவேண்டும். நாய்களுக்கு இந்த மாத மாத்திரை கொடுத்துவிட்டேன். பொய்னோக் வழக்கம்போல விழுங்குவதாக நடித்து, திரும்பி நின்று துப்பப் பார்த்தது. வாயைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு பாட்டே பாடினேன்.

வேறு செய்தி இல்லை.

நான் வாயாடி. அது உனக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்ததுதான்.

அக்கா கலிபா


பிஷ்கெக்,
28 மார்ச் 2004

அக்கா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நட்சத்திரக் குட்டியை விற்றுவிடாதே, நான் பார்க்கவேண்டும்.

ஊர் அலுவலகத்தில் என் பிறப்புப் பதிவின் நகல் ஒன்று வேண்டும். பெக்தூரோவா என்று இருக்குமே, அது. முத்திரை தெளிவாக இருக்கட்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

க.


கரா-புலுங்,
9 ஏப்ரல் 2004

கனிஷாய்க்கு,

நலமா கண்ணே? உன் கடிதம் வரவர ஒல்லியாகிறது. நீயும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருப்பாய்.

நகல் இதோடு இருக்கிறது. அலுவலகத்தில் அந்தப் பையன் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டான். "திருப்பிக் குத்துடா தம்பி"ன்னேன். "தாளைத் திருப்பிப் பிடிங்க அக்கா, சரியாயிடும்"னான். இன்னொன்று எழுதவைத்து நேராகக் குத்த வைத்தேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட்டில் பழைய பெயரையே போட்டுக்கொள்ளப் போகிறாய், அவ்வளவுதானே. போட்டுக்கொள். நாய்க்கு வெட்டின வாலைத்தான் ஒட்டமுடியாது, பெயருக்கு ஒட்டலாம். அப்பா ஒன்றும் நினைக்கமாட்டார். அவர் தன் பெயரையே பாதி நாள் தப்பாகத்தான் எழுதினார்.

மே மாதம் நெருங்குகிறது. கிடைத்தவுடன் ஒரு வரி போடு.

அக்கா


கரா-புலுங்,
18 மே 2004

கனிஷாய்,

நலமா? நகல் கிடைத்ததா? ராகியாவைத் தினமும் கேட்கிறேன். "உங்க தங்கச்சி எழுதினா நானே முதல்ல படிச்சிட்டுக் குடுக்கறேன், போதுமா?" என்கிறாள். நாரினுக்குப் போன உன் அத்தான் தபால் நிலையத்திலிருந்து உன் கூடத்துக்குத் தொலைபேசி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

நாளை மறுநாள் மந்தையோடு மேலே புல்வெளிக்குப் போகவேண்டும். அதற்குள் எழுது. ஒரு வரி. திட்டியாவது எழுது.

அக்கா


கரா-புலுங்,
29 மே 2004

உயிரோடு இருக்கும் என் தங்கைக்கு,

தொலைபேசியில் அழுததிலேயே மூன்று நிமிடமும் போய்விட்டது. நடந்தது என்ன என்று நீ கேட்டாய், நான் மூக்கைத்தான் உறிஞ்சினேன். இப்போது முறையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இன்னும் மேலே போகவில்லை. வியாழக்கிழமை ராகியா ஒரு கடிதம் கொண்டுவந்தாள். சிலி நாட்டிலிருந்து. மேலே "க. பெக்தூரோவா, கரா-புலுங் கால்நடை மருத்துவ நிலையம்" என்று இருந்தது. நீ முதல் கட்டுரை எழுதிய காலத்தில் இங்கேதானே தங்கியிருந்தாய், அந்த முகவரி. பிரித்தேன். ஆமாம், பிரித்தேன். ஆங்கிலம். பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் சின்னப்பெண் ஜீபெக்கிடம் கொண்டுபோனேன்.

அவள் படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. "அக்கா, உக்காருங்க" என்றாள்.

"என்னடி?"

"உங்க தங்கச்சி... 'இப்போ உயிரோட இல்லை'ன்னு இருக்கு. 'குடும்பத்துக்கு எங்க ஆழ்ந்த அனுதாபம்'னு இருக்கு."

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தான் போட்ட தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை கனிஷாய். அந்தப் பெண்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். எனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

மதியத்துக்குள் மேல்ஊர் ஆண்கள் குதிரையைப் பாய்ச்சி, சேணத்திலிருந்தே "ஐயோ என் தங்கமே!" என்று கதறிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பெண்கள் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ராகியா எவ்வளவு நன்றாக வைத்தாள் தெரியுமா? "பனிக்கு அடியில பார்த்தவளே, நாய்க்கெல்லாம் மருந்து தந்தவளே" என்று கட்டிப் பாடினாள். உனக்கு எழுதி அனுப்பச் சொல்கிறேன், வீணாகக் கூடாது. வந்தவர்களுக்கு ஒரோஸ் ஒரு கிழட்டு ஆட்டை அறுத்தார்.

ஈரலை என் கையில் கொடுத்தார்கள். பழக்கம், திருப்பிப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நீர்க்கட்டி இல்லை. நம் சின்ன வயதில் இந்த வயசு ஆட்டில் அப்படி ஒரு ஈரலைப் பார்த்திருக்கிறோமா? அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

ஒரோஸ்தான், "அழுதது போதும், உடம்பைக் கொண்டுவரணும், நாரினுக்குக் கிளம்பு" என்றார். தபால் நிலையத்தில் எண்ணைச் சுழற்றிச் சுழற்றி விரல் வீங்கியது. கடைசியில் நீ எடுத்தாய்.

"யாரு?"

"கனிஷாய், நீ செத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா. ஏன்?"

ஏன் என்று கேட்கிறாய்! எழுத ஒன்றும் இல்லை, முடிவு வரட்டும் என்று இருந்தேன் என்கிறாய். தொலைபேசி அடித்தால் அறக்கட்டளையாக இருக்கும் என்று பயந்து எடுக்கவில்லை என்கிறாய். நேரில் வா, காதைத் திருகுகிறேன்.

திரும்பி வந்ததும் ஜீபெக்கை அகராதியோடு மறுபடி உட்காரவைத்தேன். அந்த சிலிக்காரர் "இவர் இப்போது உயிரோடு இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேள்விக்குறியை அவள் பார்க்கவில்லை. உன் வேலை 1999-க்குப் பிறகு நின்றுபோனதால் அப்படி நினைத்தாராம். தென்கோடியில் அவர்களுக்கும் பனி, ஆடு, நாய். பனி உருகுவதற்கு முன்னால் நாய்களுக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்பதை அங்கே "பெக்தூரோவா முறை" என்றே சொல்கிறார்களாம், மேய்ப்பர்கள்கூட. கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் அறக்கட்டளையிடம் காட்டு.

அவருக்கும் ஜீபெக்கை வைத்து நாலு வரி எழுதிப் போட்டேன். என்ன எழுதினேன் என்பது எனக்கும் அவருக்கும்.

ஒப்பாரி வைத்தவர்கள் ஒருவரும் கண்ணீரைத் திருப்பித் தரக் கேட்கவில்லை. நாங்களும் ஆட்டைக் கேட்கவில்லை.

ஆயிரம் காலம் இரு.

அக்கா கலிபா


பிஷ்கெக்,
2 ஜூலை 2004

என் அக்காவுக்கு,

உன் முழங்கால், அத்தானின் முதுகு, ஜீபெக்கின் மனது எல்லாம் நலமா? அந்தப் பெண்ணைத் திட்டாதே. அவள் விட்ட கேள்விக்குறிதான் என்னைக் காப்பாற்றியது.

முடிவு வந்துவிட்டது. ஐந்து வருஷம் கேட்டோம், இரண்டு கிடைத்தது. மாத்திரை உண்டு, கூடம் உண்டு. அடுத்த அறைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் வால்நட்டைப் பற்றியும் கேட்பதில்லை.

நீ அனுப்பிய கடிதத்தைக் காட்டியதும் அறக்கட்டளை முடிவைத் தள்ளிவைத்து, அந்த சிலிக்காரர் அன்செல்மோவுக்கே எழுதிக் கேட்டிருக்கிறது, இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று. அவர் தன் கையில் இருந்த ஒரே சான்றை அனுப்பினார். உன் கடிதம். அதன் நகல் எனக்கும் வந்தது.

"ஐயா, அவள் சாகவில்லை. பெயர்தான் மாறியது. அவள் வேண்டாம் என்றாள், நான் மூன்று மாதம் நச்சரித்து மாற்றவைத்தேன். அப்பா போன துக்கத்தில் எனக்கு அவர் பெயர் எங்காவது அச்சில் இருக்கவேண்டும் என்று இருந்தது. தப்பு என்னுடையது, அவளை எண்ணும்போது குறைக்காதீர்கள்."

பூமியின் மறுகோடியில் இருக்கிற ஆளுக்குச் சொல்லியிருக்கிறாய்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை. நகல் மேசையில்தான் இருக்கிறது. முத்திரை நேராக இருக்கிறது. பெக்தூர் கிஸியாகவே இருந்துவிடுகிறேன். அவர்கள் எண்ணக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆகஸ்டில் வருகிறேன். ராகியாவின் ஒப்பாரியை நேரில் கேட்கவேண்டும்.

உன் கனிஷாய்


கரா-புலுங்,
20 பிப்ரவரி 2005

தங்கை கனிஷாய்க்கு,

ஆளும் ஆடும் நலமா? இங்கே நலம். நட்சத்திரக் குட்டி வளர்ந்து அதுவே ஒரு குட்டி போட்டுவிட்டது. குளிருக்குப் பயந்து அந்தப் புதுக் குட்டியை வீட்டுக்குள் அடுப்போரம் கட்டியிருக்கிறோம். ஆகஸ்டில் நீ வந்துபோனதிலிருந்து ராகியா யார் செத்தாலும் "இது கனிஷாய்க்கு வச்ச மாதிரி வராது" என்கிறாள்.

அன்செல்மோவின் புதுக் கட்டுரையிலிருந்து நீ அனுப்பிய பக்கம் வந்தது. ஜீபெக் இந்த முறை கேள்விக்குறி, காற்புள்ளி எல்லாம் பார்த்து நிதானமாகப் படித்தாள். மேலே உன் வேலை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பெக்தூரோவாவும் பெக்தூர் கிஸியும் ஒருவரே, தகவல் தந்தவர் மூத்த சகோதரி, கிஸி, க., கடிதம், 2004. கலிபாவுக்கும் க-தானே. ஆக, என்னையும் உன் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். வால்நட், கம்பளம், திருமணச் சட்டம், நான். உனக்கு ஒன்று கூடியிருக்கும், பார்த்துக்கொள்.

"எனக்கு இது ஒரு மேற்கோளா?"ன்னு ஜீபெக்கைக் கேட்டேன். "ஆமாக்கா, நீங்க இப்போ அறிவியல்ல இருக்கீங்க" என்றாள். ஒரோஸிடம் சொன்னேன். "அப்ப சாப்பாடு யாரு வைப்பா?" என்றார்.

இந்த முறை பொட்டலம் கட்டவில்லை. மாவுப் பசை காய்ச்சி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி தாழ்வாக ஒட்டினேன். பிறகு பால் கறக்கப் போனேன்.

குட்டிக்குப் பசை பிடித்திருக்கிறது. கீழிருந்து தின்னத் தொடங்கியிருக்கிறது. நான் திரும்பி வரும்போது அடிக்குறிப்பு முழுதும் போயிருந்தது, உன் வேலை அப்படியே இருந்தது.

இன்னொரு படி அனுப்பு. குட்டி நன்றாக இருக்கிறது.

அக்கா,
கிஸி, க.